பட்டாணி போட்ட கடிகாரக் கணக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், என் பொறுமையைத் தவிர. அது என்றைக்குச் சௌக்கியமாக இருந்தது என்று உன் அம்மா பக்கத்தில் நின்று கேட்கிறாள், அதையும் எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, ட்யூட்டி முடிந்து வந்ததும் காலை நீட்டிப் படுக்கிறாயா, இல்லை அங்கேயும் நின்றுகொண்டேதான் டீ குடிக்கிறாயா. மாப்பிள்ளை போன வாரம் லாரியை வாசலில் நிறுத்திவிட்டு ஒரு பகல் முழுக்கத் தூங்கினார், எழுந்தார், மகள் பட்டாணியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவை ஒரு சுற்று சுற்றினார், மறுபடி லோடு ஏற்றப் போய்விட்டார். அவரைப் பற்றிக் கவலைப்படாதே, கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மாத்திரையைப் போடு என்றால் போட்டாச்சு என்கிறாள், டப்பாவைப் பார்த்தால் குறையவே இல்லை. இதெல்லாம் போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் எங்கே சொல்வது, நீ கூப்பிட்டால் உன் மகள் திரையையே முழுசாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள், என் நெற்றி தெரிந்தால் உண்டு. உன் வார்டில் வேலை பார்க்கிற பெண் லீவு முடிந்து திரும்புகிறாளாம், இன்று நாலு மணிக்கு வந்து கடிதத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றாள். மூன்று தடவை தொடங்கிக் கிழித்துப் போட்டேன். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்க்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று சொன்னாயே, அந்தத் தாளில் நீ கை வைப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. நான் போடாதே என்று சொல்லவில்லை. போடு என்றும் சொல்லவில்லை. இங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன், சொல்லாமல் வைத்திருந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டாணியின் வகுப்பில் வாரக் கடைசியில் வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்து அனுப்புவார்கள், உனக்குத் தெரியும். ஒரு பக்கம் வாசிக்க, பெரியவர் யாராவது கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு பக்கம் சொந்தமாக எழுத, அடியில் கணக்கு. வாசிப்பதில் உன் மகளுக்குக் குறையே இல்லை, முற்றுப்புள்ளி வந்தால்கூட நிற்காமல் போவாள், மூச்சு விடுடி என்று நான்தான் பிடித்து நிறுத்த வேண்டும். எழுதுவதில் கையெழுத்து உன் கையெழுத்து, அதாவது கோழி கிளறினது. போன மாதம் வந்த தாளில், ‘நீ எத்தனை மணிக்கு என்ன செய்கிறாய் என்று எழுது, கடிகாரம் வரைந்து முள் போடு, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடு’ என்று இருந்தது. நானும் உன் அம்மாவும் பக்கத்திலேயே போகவில்லை, அவளே போடட்டும் என்று விட்டுவிட்டோம். திங்கட்கிழமை கொடுத்தாள், புதன்கிழமை டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்.

போனேன். சின்ன நாற்காலி, முட்டி தாடையில் இடிக்கிறது, அதில் என்னை உட்காரவைத்துவிட்டு டீச்சர் தாளை என் முன்னால் நீட்டினார். காலையில் மூன்று மணிக்கு எழுந்திருப்பேன். ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு மத்தியானச் சாப்பாடு. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தூங்கிவிடுவேன். முள்ளெல்லாம் அதே மாதிரி அழகாகப் போட்டிருக்கிறாள். எனக்கு முகத்தில் ஈ ஆடவில்லை. ‘குழந்தையை மூணு மணிக்கா எழுப்புறீங்க’ என்று டீச்சர் மெதுவாகத்தான் கேட்டார், அடுத்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. ‘நேரமெல்லாம் தப்பு, ஆனா எவ்வளவு நேரம்னு கழிச்ச கணக்கு மட்டும் ஒண்ணு விடாம சரி. விடையை வீட்டுல யாரோ சொல்லிக் கொடுத்திருக்கீங்க’ என்றார். நானா! டிப்போவில் காலமெல்லாம் டைம் கீப்பராக இருந்தவன், பஸ் ஒரு நிமிஷம் பிந்தினாலும் டிரைவரை நிற்கவைத்துக் கேட்டவன், என் வீட்டிலா விடை சொல்லிக் கொடுப்பார்கள்? எள்ளும் கொள்ளும் வெடித்தது என் முகத்தில். என்னென்னவோ பேசினேன், பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் பாவம், சின்னப் பெண், உன் வயதுகூட இருக்காது, நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார், மணி பார்க்கத் தெரியாமல் மேல் வகுப்புக்கு அனுப்ப முடியாது, வருஷக் கடைசியில் நானே பக்கத்தில் உட்காரவைத்து எழுதச் சொல்வேன், அதிலும் இப்படியே எழுதினால் இதே வகுப்பில் இன்னொரு வருஷம் இருக்கட்டும் என்று.

வீடு வரும்வரை வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தேன், யாரை என்று தெரியவில்லை. வந்ததும் வராததுமாகப் பட்டாணியை நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்தேன். ஒரு தட்டை எடுத்து இரண்டு தீக்குச்சியை முள்ளாக வைத்து, இது எத்தனை மணி, இது எத்தனை மணி என்று கேட்டேன். பட் பட்டென்று சொல்கிறாள், ஒன்றுகூடத் தப்பில்லை. சரி, இப்போது மணி என்ன என்றேன். தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள், ‘பன்னிரண்டு, அம்மா சாப்பாட்டு நேரம், இப்ப கூப்பிடுவா’ என்றாள். நானும் நிமிர்ந்து பார்த்தேன், ஆமாம் பன்னிரண்டுதான், சரியாகத்தான் சொல்கிறாள் என்று தலையை ஆட்டினேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நாலு வீடு தள்ளிக் கேட்டிருக்கும். ‘வாங்க டைம் கீப்பரே, கையில கட்டியிருக்கிறதைப் பாருங்க’ என்றாள். பார்த்தேன். சாயங்காலம் நாலரை மணி.

புரிகிறதா உனக்கு? நீ வெளிநாடு கிளம்பிப் போன அன்றைக்கு நான்தான் ஸ்டூலில் ஏறி அந்தக் கடிகாரத்தை நாலரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தேன். நீ தூங்குகிற நேரத்தில் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று. எனக்குக் கையில் வாட்ச், உன் அம்மாவுக்குப் போன், சுவரில் இருப்பது உன் நேரம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் பழகிப்போய்விட்டது. அப்போது பட்டாணிக்கு மணி பார்க்கத் தெரியாது, அதனால் அவளிடம் யாரும் சொல்லவில்லை. பிறகு அவளுக்கு மணி பார்க்கச் சொல்லிக் கொடுத்தது யார்? நீ. போனில். சின்ன முள் எங்கே நிற்கிறது சொல்லு, பெரிய முள் எங்கே சொல்லு என்று தினமும் கேட்பாயே. உன் அறைக் கடிகாரமும் எங்கள் சுவர்க் கடிகாரமும் ஒன்றையே காட்டியது, அவள் சொன்னதெல்லாம் உனக்குச் சரியாகவே பட்டது, நீயும் சமத்து சமத்து என்று தூக்கி வைத்தாய். வகுப்பில் கடிகாரம் கிடையாது, மணி அடிப்பதோடு சரி. ஆக இந்த வீட்டில் மூன்று பெரியவர்கள் சேர்ந்து ஒரு குழந்தையை உன் ஊர் நேரத்தில் வளர்த்துவிட்டோம். அவளுக்கு மணி பார்க்கத் தெரியும் அம்மாடி, நன்றாகவே தெரியும்.

மறுநாளே ஸ்டூலைப் போட்டு ஏறிக் கடிகாரத்தை எங்கள் நேரத்துக்கு மாற்றிவிட்டேன். மாற்றிவிட்டுப் பெரிய காரியம் செய்துவிட்டதாகக் கையைத் தட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை, சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். நான் விளக்கினேன், இது நம் நேரம், அது அம்மா நேரம், நாலரை மணி நேரம் வித்தியாசம் என்று. தலையை ஆட்டினாள். பாலைக் குடிக்கவில்லை, ரொட்டியைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து, ‘அப்ப அம்மா இப்ப தூங்குறாளா முழிச்சிருக்காளான்னு நான் எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிறது’ என்று கேட்டாள். அழவில்லை, கேட்டாள், அவ்வளவுதான். அழுதது நான். உன் அம்மா ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். ஏறி மறுபடி உன் நேரத்துக்கே வைத்தேன்.

என் டிப்போ வாட்சைக் கழற்றிப் பட்டாணி கையில் கட்டினேன், அது முழங்கைவரை ஏறிப்போனது, பார் தொளதொளவென்று. இது நம் நேரம், சுவரில் அம்மா நேரம் என்றேன். ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள், இப்போது நான் ‘மணி என்ன’ என்றால் ‘யார் மணி’ என்று திருப்பிக் கேட்கிறாள், கொழுப்பைப் பார். டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன், கத்தினதுக்கு மன்னிக்கச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார், பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. போன வெள்ளிக்கிழமை பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதச் சொன்னாராம். வாசிப்பு, எழுத்து, கணக்கு எல்லாம் தேறிவிட்டாள், மேல் வகுப்புக்குப் போகிறாள். கையெழுத்தை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள் என்றார், அது பரம்பரை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் போனிலேயே சிரித்துச் சொல்லியிருப்பேன். கடைசித் தாள் ஒன்று வந்திருக்கிறது. நீயே ஒரு கணக்கு உண்டாக்கு, அதற்கு விடையை வீட்டில் ஒருவர் எழுத வேண்டும் என்று. பட்டாணி இப்படி எழுதியிருக்கிறாள். ‘என் வாட்ச்சுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம். அம்மா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் எவ்வளவு வித்தியாசம்?’ அடியில் விடைக்கு ஒரு கோடு. இது என்ன பெரிய கணக்கு என்று நான் பேனாவைத் திறந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ‘நீ போடாத தாத்தா, எனக்கே விடை தெரியும். அம்மா போட்டுக் கொண்டு வரட்டும்’ என்றாள். விடை எழுத வேண்டியவர் தூரத்தில் இருக்கிறார், தாள் வரத் தாமதமாகும் என்று டீச்சரிடம் சொன்னேன். ‘வரட்டுங்க, நான் மார்க் போடாம வச்சிருக்கேன்’ என்றார்.

நீ ஆசைப்பட்டு வாங்கிய வேலை, இங்கே அது கிடைக்காது, எனக்குத் தெரியும். ஊசி பிடிக்கிற கையைப் பார்த்து நான் பெருமைப்படாத நாள் இல்லை. இருந்தாலும் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு நீ வேண்டும், உன் அம்மாவுக்கு நீ வேண்டும், அந்த வாண்டுக்கு எங்கள் இரண்டு பேரையும்விட நீ வேண்டும். நீ இரண்டு வருஷம் போட்டாலும் நாங்கள் கோபப்பட மாட்டோம், பட்டாணியையும் நன்றாகப் பார்த்துக்கொள்வோம், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். கேட் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, எழுந்து பார்த்துவிட்டு வந்தேன், காற்று.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் காதை மூடிக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைபட்டவர்களெல்லாம் எழுந்து நடக்க வேண்டும், உன் அம்மாவும் நானும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறோம். பட்டாணியின் தாளை இதோடு மடித்து வைத்திருக்கிறேன், மடிப்பில் கிழியாமல் பிரி. ஆஸ்பத்திரித் தாளும் இதுவும் உன் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், எதில் எழுதுவது என்பது உன் இஷ்டம். ஒன்று மட்டும் மறக்காதே. அவள் கணக்குக்கு விடையைப் போனில் சொல்லிவிடாதே, கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள்.

வாட்ச் இல்லாத கையோடு,
உன் அப்பா