டி டிரைவில் உங்கம்மா

சங்கவிக் கண்ணு,

நீ போனை எடுக்காததால எழுதறேன். ஆயுதபூஜை அன்னைக்கு சீரியல் பல்பு மாட்ட நான்தான் ஓடிக்கினு இருந்த கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிட்டேன்னு சொல்லிக்கினு இருக்கியாமே. அன்னைக்கு விழுப்புரத்துக்கே கரண்டு ஏறி இறங்கி ஆடுச்சு. அதை யாரும் கேக்கலை.

டி டிரைவ் போயிடுச்சு, இனிமே எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மேட்தான்னு இங்க கடைக்காரன் சொன்னான். செத்துப்போன உங்கம்மா குரல் இருக்கிறதே அதுலதான். "என் தங்கச்சியை அழிக்க நீ யாருய்யா?"ன்னு ஹார்டு டிஸ்க்கைப் பிடுங்கிக்கினு திண்டிவனம் பஸ் ஏறிட்டேன். அங்க தமிழ்மணின்னு ஒருத்தர் சாஃப்ட்வேர் போட்டு மீட்டுக் கொடுத்தார். பக்கத்துல நின்னு நான் சொன்ன யோசனையில மனுஷன் அசந்துட்டார்.

ஃபைலுங்களுக்குப் பேரெல்லாம் போயி வெறும் நம்பராத்தான் வந்துச்சு. ஒவ்வொண்ணா திறந்து பார்த்தேன். உன் காதுகுத்து வீடியோ கிடைச்சிடுச்சு. என் மடியில உக்காந்து நீ அழுவுற. உங்கம்மா குனிஞ்சு, "மாமன் சொல்றதுல பாதியைத் தள்ளிடு கண்ணு"ன்னு சிரிக்கிறா.

அந்த இடத்தை நான் வெட்டலை. கூரியர்லயும் அனுப்ப மாட்டேன். தள்ளவேண்டிய பாதி எதுன்னு நீயே நேர்ல வந்து, என் எதிர்ல உக்காந்து பார்த்துட்டு சொல்லு.

இப்படிக்கு,
உனக்கு மடி கொடுத்த மாமன்