சந்தனம் அடைத்த பென்டிரைவ்

உன் பென்டிரைவ் என் மேஜைமேல் கிடக்கிறது. கடை முழுக்கச் சந்தன வாசம். தூசியும் சால்டரிங் புகையும் நாறுகிற இந்தக் கடையில் வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜை அன்றுதான் சந்தனம் மணக்கும். இன்று பூஜையும் இல்லை, பொரிகடலையும் இல்லை. உன் மனைவி வந்துவிட்டுப் போனாள்.

காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றிருந்தாள். கையில் சின்ன லேப்டாப், புத்தம்புதுசு. விண்டோஸ் மாதிரி ஓஎஸ் எதுவும் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓஎஸ்ஸை நாமே போட்டுக்கொள்ளலாம் என்று உன் பென்டிரைவைச் சொருகியிருக்கிறாள். இன்ஸ்டால் முடிந்ததுபோல் முடிந்து, இப்போது ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்குகிறது.

"திங்கக்கெழம ட்ரெயினிங்குங்கண்ணா. வூட்ல இருந்தே பாக்குற வேலை. அன்னிக்கு சிஸ்டம் ஓடலைன்னா வேற ஆள வெச்சுக்குவாங்களாம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கண்ணனுங்க பொறந்த வூட்டுக்கே, அதியமான்கோட்டைக்கே வந்துருன்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. போனா காலத்துக்கும் அண்ணிங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்" என்றாள்.

"நடுவுல எரர் ஏதாச்சும் வந்துச்சாம்மா?"

"வந்துச்சுங்க. அவரு குடுக்கற மாதிரியே ஸ்கிப் குடுத்தேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள்மேல் இல்லை, உன்மேல்.

இந்தக் கடையை நாம் இருவரும் சேர்ந்து போட்ட நாளிலிருந்தே நமக்குள் இந்தச் சண்டைதான். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு அமுக்கு என்பேன். "ஸ்கிப் குடு மச்சான், போயிக்கிட்டே இரு. ஓடற பஸ்ஸ நிறுத்தி டயரு இருக்கான்னு பாப்பியா?" என்பாய். பழைய டெஸ்க்டாப்புகள் உன் அவசரத்தைப் பொறுத்துக்கொண்டன. ஏதோ ஒரு ஃபைல் இல்லாமலேயே நொண்டி நொண்டி ஓடின. கஸ்டமர் திரும்பி வந்து கத்தும்போது நான்தான் கல்லாவில் இருப்பேன். நீ டீ குடிக்கப் போயிருப்பாய்.

உன் உடம்புக்கும் அதையேதான் செய்தாய். நெஞ்சு கரிக்கிறது, இடது கை இழுக்கிறது என்று நீயேதான் சொன்னாய். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி என்ன டெல்லியிலா இருக்கிறது? ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, ஏறுடா என்று தெரு கேட்கக் கத்தினேன். நீ எதிர்க்கடையில் பன்னீர் சோடா வாங்கிக் குடித்து, பெரிதாக ஓர் ஏப்பம் விட்டு, "பாத்தியா, கேஸு" என்று சிரித்தாய். ஆட்டோக்காரரும் சேர்ந்து சிரித்தார். நம் ஊரில் நெஞ்சு வலி என்று ஒன்று கிடையாதே, எல்லாமே கேஸ்தான். மறுநாள் விடிவதற்குள் நீ போய்விட்டாய். எழவு வீட்டில்கூட நாலு பேர், "கேஸுன்னுதான் நெனச்சோம்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

சரி, லேப்டாப்புக்கு வருகிறேன். இந்த மாதிரிச் சின்ன லேப்டாப்பில் டிஸ்க்கைப் போர்டோடு சேர்த்தே வைத்துவிடுகிறார்கள். அது கெட்டிருந்தால் கழற்றி மாற்ற வழியில்லை, திங்கட்கிழமையும் கிடையாது. பயந்துகொண்டேதான் சோதித்தேன். நன்றாகவே இருந்தது. மறுபடி இன்ஸ்டால் போட்டேன், ஆரம்பத்திலேயே நின்றது. இன்னொரு முறை போட்டேன், முடியப் போகிற நேரத்தில் நின்றது. டிஸ்க்கில் ஓரிடம் கெட்டிருந்தால் அதே இடத்தில் அல்லவா முட்ட வேண்டும்? இப்படி இடம் மாறி மாறி நின்றால், ஃபைல் வருகிற வழியில்தான் கோளாறு. பென்டிரைவை உருவி டார்ச் அடித்துப் பார்த்தேன். அதன் வாய்க்குள் சந்தனம் மஞ்சளாய்க் காய்ந்து அப்பியிருந்தது, அதன்மேல் குங்குமம்.

ஆயுத பூஜையில் ஸ்க்ரூ டிரைவரிலிருந்து கீபோர்டு வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பவன் நீ. வாய்க்குள் அப்பாதே என்று திட்டினால், "சோறு போடற வாய்க்குத்தான் மச்சான் மொதல்ல வெக்கணும்" என்பாய். ஆனால் இது போன பூஜையில் வைத்ததுபோல் இல்லை. பூச்சுமேல் பூச்சாக இருந்தது.

"இதுக்கு யாரும்மா பொட்டு வெச்சது?"

"நாந்தாங்கண்ணா. அவரு போட்டோகிட்டயே வெச்சிருக்கேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெப்பேன்." பென்டிரைவையே பார்த்தபடி சொன்னாள். "என்னையத்தான் வெக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதுக்காச்சும் வெக்கலாமில்ல?"

என் பென்டிரைவில் போட்டுவிடலாம் என்று எழுந்தேன். "வேணாங்கண்ணா, அதுலயே போடுங்க. அவரு போட்டதா இருக்கட்டும்" என்றாள். ஸ்பிரிட்டைத் தொட்டுப் பிரஷ்ஷால் சுரண்டி, பஞ்சால் துடைத்தேன். பஞ்செல்லாம் சிவந்துபோனது. அவள் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உன் காரியத்தன்று பெண்கள் கூடி அவள் பொட்டை அழித்தபோது நான் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டேன். மிச்சம் இருந்த பொட்டை இன்று நான் அழித்தேன். பாவி, அந்த வேலையையும் எனக்கு வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

மீண்டும் போட்டோம். முதல் பாதி தடங்கல் இல்லாமல் ஓடியது. பாதியைத் தாண்டியதும் மறுபடி ஒரு எரர். அவள் விரல் தானாகவே ஸ்கிப்புக்குப் போனது.

"படிம்மா!" என்று கத்திவிட்டேன். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று உன்னைப் பார்த்துக் கத்திய அதே குரல்.

சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்தாள். "ஒரு ஃபைலப் படிக்க முடியலியாம். மறுபடி பாக்கட்டுமான்னு கேக்குதுங்க." பென்டிரைவை அழுத்திச் சொருகினேன். மறுபடி பார்க்கச் சொல்லி அவளே அமுக்கினாள். அந்த ஃபைலும் வந்தது, இன்ஸ்டாலும் முடிந்தது. பென்டிரைவை உருவிவிட்டு ஆன் செய்ததும் திரையில் வெளிச்சம் வந்தது. அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப திங்கக்கெழம உக்காந்துரலாங்க" என்றாள்.

பென்டிரைவை நீட்டினேன், வாங்கவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டுங்கண்ணா. வூட்ல இருந்தா மறுபடி பொட்டு வெச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

எத்தனை முறை துடைத்தும் சந்தன வாசம் போகவில்லை. போனால் போகட்டும், இருந்தால் இருக்கட்டும். நான் போட்ட ஒரு சத்தத்துக்கு அவள் கையை எடுத்துவிட்டாளடா. உனக்குப் போட்ட சத்தம் மட்டும் இன்னும் என் தொண்டையிலேயே நிற்கிறது.