சாயம் போகாத கல்

அன்புள்ள அண்ணா,

வெள்ளகோவில் தோட்டத்துக் கிணறு உங்கள் மேல் சரிந்து ஏழு மாதமாகிறது. போன வாரம் சின்னண்ணன் அதே கிணற்றில் இறங்கக் கயிறு வாங்கி வைத்திருந்தார். நீங்கள் விட்ட இடத்திலிருந்து தங்கம் தோண்டப் போவதாகச் சொன்னார். சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

தூர் வாரும்போது கிடைத்தது என்று அந்த மஞ்சள் கல்லை டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். பெருமாநல்லூர் சாயப்பட்டறை லேப்பில் துணிக்குச் சாயம் நிற்கிறதா என்று பார்ப்பதுதானே என் வேலை. அதே பழக்கத்தில் கல்லையும் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தேன். துளி மஞ்சள்கூட ஒட்டவில்லை. "சாயம் போகலீங்ண்ணா, தங்கந்தான்" என்றேன். மறுநாளே கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு அந்தக் கல்லை யாரிடமும் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. கயிற்றைப் பார்த்ததும்தான் அவிநாசிக்கு எடுத்துப் போனேன். நான் சோதித்த விதத்தைக் கேட்டு நகைப் பட்டறைக்காரர் சிரித்துவிட்டார்.

"இதென்ன பனியனுங்களா அம்மிணி, துவைச்சுப் பாக்கறதுக்கு?"

ஓட்டுத் துண்டில் கல்லை உரசினார். கறுப்பாகக் கோடு விழுந்தது. தங்கமென்றால் கோடும் மஞ்சளாகத்தான் விழுமாம்.

"தங்கம் மெத்துனு இருக்குமுங்க. தட்டுனாத் தகடாகும், உடையாது. இது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல்லுங்க. வேணும்னாத் தட்டிப் பாருங்க."

அங்கே தட்டவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய், சின்னண்ணன் கண்ணெதிரே சுத்தியலால் ஓங்கி அடித்தேன். பொடிப்பொடியாகப் போனது. தீக்குச்சி உரசிய வாடை அடித்தது. அவர் கயிற்றைச் சுருட்டி வைத்தார். பிறகு கேட்டார்: "அப்ப அண்ணன் எதுக்குக் கண்ணு செத்தாரு?"



கோயமுத்தூரில் விவரம் தெரிந்த ஒருவர் தங்கம் என்று சொன்னதாகத்தான் சின்னண்ணனும் அண்ணியும் இன்றுவரை நம்புகிறார்கள். தங்கச்சி பார்த்தாள் என்றால் சிரிப்பார்கள் என்று நீங்கள் சொன்ன பொய் அது. அதற்குள் ஒளிந்துகொண்டு நானும் அவர்களோடு அழுதேன். முகம் தெரியாத அந்த ஆளை அண்ணி தினமும் சபிக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கிணற்றை மூட மண் லாரி வருகிறது. மூடி முடித்ததும் அண்ணியிடம் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவர் வீட்டு வாசலை நான் மிதிக்க முடியாமல் போகலாம். போகட்டும். இனி அந்தச் சாபத்தை என் முகத்தைப் பார்த்தே அவர் விடட்டும்.

உங்களைக் கிணற்றுக்குள் அனுப்பிய தங்கச்சி,
செல்வி