நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழாத அப்பா

தோட்டவெளி,
மன்னார்.

அன்பு மகள் டிலோஜினிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், மிலானில் நீயும் சுகமாக இருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். என் நெஞ்சும் நல்ல சுகம். அதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டில் எல்லாருக்கும் இப்போது அதுதான் கவலையாம். சோளகக் காற்றுப் பிடித்துவிட்டது, கடல் சரியில்லை, தொழிலுக்குப் போகாமல் வீட்டில் கிடந்து உன் அம்மாவோடு டிவி பார்க்கிறேன். வேலிக்குள் கழுதை புகுந்து அம்மா நட்ட செவ்வரத்தைப் பூமரத்தை மொட்டையாக்கிவிட்டுப் போய்விட்டது, அதற்கும் நான்தான் பேச்சு வாங்கினேன்.

போன ஞாயிறு பூசை முடிகிற நேரம் நான் வழமைபோல வெளியே வேப்பமரத்தடியில் ஆம்பிளைகளோடு நின்றேன். பிரசங்கம் தொடங்க வெளியே வருகிற என் பழக்கம் உனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், அதை நம்பித்தான் அவ எனக்குத் தெரியாமல் உன் கலியாண அறிவித்தலை இங்கே வாசிக்கச் சம்மதித்திருக்கிறா. கலியாணம் எங்கே நடந்தாலும் பிறந்த ஊர்ப் பங்குக் கோயிலிலும் மூன்று ஞாயிறு வாசிக்கத்தானே வேண்டும். ஆனால் கோயில் பெருநாளுக்கென்று அந்த வேப்பமரத்தில் புதிதாக ஒலிபெருக்கி கட்டியிருந்ததை மறந்துபோனா. தோட்டவெளி எமில், லூசியா ஆகியோரின் மகள் டிலோஜினி என்று என் தலைக்கு மேலேயே கேட்டது. மாப்பிள்ளை வென்னப்புவ நிஷாந்த பெர்னாந்து. தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சுவாமியாரிடம் தெரிவிக்கும்படி சொல்லி முடிய, அங்கே நின்ற அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுச் சந்தியோகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணை இருங்கோ, இருங்கோ என்கிறார். ஒருவன் சோடா வாங்க ஓடினான். நான் விழாமல் வீட்டுக்கு நடந்தது அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வீட்டில் அதைவிட மோசம். உன் தம்பி றெனால்ட் ஓட்டோவை வாசல் படலைக்கு நேரே திருப்பி வைத்துக்கொண்டு நிற்கிறான், என்னை ஆசுபத்திரிக்கு ஏற்றவாம். அம்மா சுவரில் இருந்த உன் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டா, நான் எறிந்து உடைப்பேனாம். ஏனப்பா இந்தக் கூத்து என்று கேட்டால், டிலோதான் சொன்னவள், அப்பாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ, நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்திடுவார் எண்டு, என்று அழுகிறா.

எங்கே பிள்ளை கண்டாய் நான் விழுந்ததை? நடுக்கடலில் எஞ்சின் நின்று அலைந்தபோது விழவில்லை. கட்டுநாயக்கா எயார்போட்டில் உன்னை அனுப்பிவிட்டுத் திரும்பியபோதும் விழவில்லை, மதவாச்சி வரைக்கும் வான் வண்டிக்குள் அழுதுகொண்டு வந்தேன், அவ்வளவுதான். விழுகிறவர்கள் இந்த நாடகங்களில் வருகிற அப்பாமார். மகள் ஒருவனை விரும்புகிறேன் என்றதும் மாடிப்படியில் நின்று நெஞ்சைப் பிடிப்பார், அடுத்த கிழமை வரைக்கும் விழுந்துகொண்டே இருப்பார். விழாதவர் கன்னத்தில் அறைந்து, இந்த வாசல்படி மிதிக்காதே என்பார். சினிமா என்றால் கடைசிப் பத்து நிமிசத்தில் எல்லாம் மறந்து கட்டிப்பிடித்து அழுவார். இவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்பதே எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒருவராவது மீன் வெட்டினதை, காஸ் சிலிண்டர் தூக்கினதை, மகளின் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்ததை நான் காணவில்லை. நம் வீட்டில் மாடிப்படியே இல்லை, நான் எங்கே நின்று விழுகிறது? உன் அம்மா இத்தனை வருசம் என்னோடு குடும்பம் நடத்தியும் டிவியில் வருகிற அப்பாவைத்தான் நம்புகிறா. அதை விடு, அவவுக்கு நாடகப் பைத்தியம். நீயுமா டிலோ? எனக்கு வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

சிங்களப் பெடியன் என்றுதானே பயந்தாய். மனதில் ஒன்றுமில்லை என்று பொய் எழுதமாட்டேன். உன் பிள்ளைகள் என்னோடு எந்தப் பாஷையில் கதைக்குமோ என்று நினைத்தேன், அன்று சோறு இறங்கவில்லை. பிறகு அவர்களும் கடல்தொழில் குடும்பம் என்று றெனால்ட் சொன்னான், அதில் கொஞ்சம் ஆறுதல். ஒரு நாள் கோபம், மறுநாள் யோசனை, அடுத்த நாள் பெடியன் குடிப்பானோ என்று ஒரு விசாரிப்பு, ஒரு விசயம் மனிசனுக்கு உள்ளே போவது இப்படித்தான். அதை எந்தப் படத்திலும் காட்டமாட்டார்கள், காட்டினாலும் ஒருவரும் இருந்து பார்க்கமாட்டார்கள். மிலானில் இருக்கிற செல்வநாயகம் மாமாதான் உன் கையைப் பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிப்போகப் போகிறாராம். போகட்டும், எனக்கு விசா லேசில் கிடைக்காது என்று எனக்குத் தெரியாதா. ஆனால் அவரைக் கேட்க முன்னம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெற்ற மகளின் கலியாணத்தை வேப்பமரத்திலிருந்து கேட்டவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் இருப்பேன். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலுக்குள் அலையாதே, ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவர் உன்னையும் அந்தப் பெடியனையும் ஆசீர்வதித்துக் காக்கட்டும். இந்தக் கடிதத்தைத் தாராபுரத்து ஷமீரின் போன் கடையில் கொடுத்து, போனில் படம் பிடித்துத்தான் உனக்கு அனுப்புகிறேன், றெனால்டிடம் கொடுத்தால் அம்மாதான் முதலில் வாசிப்பா. அலுமாரித் திறப்பை வாங்கிப் பூட்டைத் திறந்து உன் படத்தைத் திரும்பச் சுவரில் மாட்டிவிட்டேன். இன்னும் இரண்டு ஞாயிறு வாசிப்பார்கள், நான் மரத்தடியில் நிற்கமாட்டேன், கோயிலுக்குள் முன் வாங்கில் இருப்பேன். அதற்கு முன் எனக்கு ஒருக்கா போன் எடு, அம்மாவிடம் குடுங்கோ என்று சொல்லாதே. நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருக்கிறேன், நீ முதலிலிருந்து சொல்லு. கதிரையில் உட்கார்ந்துகொண்டுதான் கேட்பேன்.

அன்புள்ள அப்பா,
எமில்