குட்டையான இடது பக்க வயர்

காட்டுப்பாக்கத்து வீட்டில் மெஹக்கும் குழந்தையும் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வேலைக்குக் கிளம்பிய ஜுல்ஃபிகருக்கு மனைவியை எழுப்பிப் பேச முகமில்லை.

நேற்று அவன் பாட்டுப் போட்டுவிட்டு, "இன்னிக்கு சவுண்டு சும்மா கண்ணாடி மாதிரி கீது" என்று தலையாட்டி ரசித்தான். அப்புறம்தான் இடது ஸ்பீக்கரின் வயர் பாதியாகியிருந்தது கண்ணில் பட்டது. தவழும் பிள்ளை வயர்ச் சுருளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டதால் மெஹக் அதை வெட்டிக் குறைத்து மறுபடி இணைத்திருந்தாள்.

"ரெண்டு வயரும் ஒரே நீளம் இல்லேன்னா சவுண்டு கெட்டுடும்! புள்ளைய பாத்துக்கத் துப்பில்ல, கத்திரிய தூக்கினு வந்துட்டியா?" என்று அவள் தங்கை ஃபிசாவின் எதிரிலேயே கத்தினான்.

இப்போது காலண்டர் தாளைக் கிழித்து எழுதினான்.

"மெஹக், டீ ஃபிளாஸ்க்ல கீது. ராத்திரி குருமா ஃப்ரிஜ்ல கீது, சூடு பண்ணிக்கோ. காலைல சவுண்டைக் கொறச்சு வெச்சுக் கேட்டேன். கண்ணை மூடினா எந்தப் பக்கம் குட்டைன்னே தெரியல. ஊட்டுக்குள்ள வயர் நாலடி முன்னபின்ன இருந்தா காதுக்கு ஒண்ணும் தெரியாதுதான். நேத்தும் தெரியலையே. வலது பக்கச் சுருளையும் வெட்டிட்டேன். இனிமே புள்ள கைக்கு எட்டாது."

இடமில்லாமல் அடியில் நெருக்கி எழுதினான்: "மத்தியானம் ஃபிசா வந்தா, மச்சான் மேலதான் தப்புன்னு சொல்லிடு."

படித்துப் பார்த்தான். காதெல்லாம் சுட்டது. அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினான்:

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவ எதிர்லதான கத்தினேன், அவ எதிர்லயே உன்கிட்ட மன்னிப்பு கேக்கறேன். அரை நாள் லீவு போட்டுட்டு வரேன்."