சக்கரத்தின் உள்பக்கம் இருந்த எண்

கள்ளக்குறிச்சி
வெள்ளிக்கிழமை, காலை

அன்புத் தோழி ஆயம்மாவுக்கு,

மெகருன்னிசா எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் சுகமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. இரண்டு நாளாக அதே நினைப்பில்தான் இருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு படி. உன் மகள் ஷாலினி கல்யாணத்துக்கு என்று நான் பரிசாகக் கொடுத்த அலாய் சக்கரங்களைக் கழற்றும்வரை உங்கள் பிக்கப்பில் சரக்கோ ஆளோ ஏற்ற வேண்டாம். வண்டி மலை இறங்கவே வேண்டாம்.

உனக்குப் போன் போட்டு அலுத்துவிட்டேன். உங்கள் ஊரில் டவர் இல்லை, நீ வெள்ளிமலைக்கு வந்தால்தான் மணி அடிக்கும் என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை. வெள்ளிமலை பஸ் நிறுத்தத்து டீக்கடை கந்தசாமியிடம் போனில் சொன்னேன். "கல்யாணப் பரிச கழட்டுன்னு நான் போயி சொன்னா ஆயம்மா நம்பாதுங்க, நீயே எழுதிக் குடுத்துடும்மா" என்றார். அதுவும் சரிதான். பள்ளிக்கூடத்தில் என் நோட்டைப் பார்த்து எழுதியவள் நீ, என் கையெழுத்தை நம்புவாய். பத்தரை மணி பஸ்ஸில் இது வருகிறது. பஸ்ஸின் மேலே உங்கள் பழைய இரும்புச் சக்கரம் நான்கும் வருகின்றன.

நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை எலவனாசூர்கோட்டை ஜெயப்பிரகாஷ் ஓர் உடைந்த சக்கரத்தை ஆட்டோவில் கொண்டுவந்து எங்கள் டயர் கடை வாசலில் போட்டார். உனக்குக் கொடுத்தேனே, அதே மாதிரி. சிமெண்டு மூட்டை ஏற்றிப் போகும்போது பின்பக்கச் சக்கரம் நடுவிலிருந்து விளிம்புவரை பிளந்துவிட்டதாம். சமதள ரோடு, மெதுவாகப் போயிருக்கிறார், அதனால் வண்டி ஓரமாக இழுத்துக்கொண்டு போய் நின்றுவிட்டது. "பாக்க நல்லாத்தான இருந்துச்சு பாய், இப்டி வுட்டுப்போச்சே" என்று எங்கள் வீட்டுக்காரரிடம் அழாத குறையாகச் சொன்னார். இவர், "ஆறு போல்ட்டும் பொருந்திச்சு, பதினஞ்சு இன்ச்சு சைஸு, இதுக்கு மேல இன்னாத்த பாக்கறது" என்று திருப்பிக் கேட்டார். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். ஓட்டை பொருந்தினால் சக்கரம் பொருந்தின மாதிரி.

நான் அந்தச் சக்கரத்தைப் புரட்டிப் பார்த்தேன். உள்பக்கம் சின்ன எழுத்தில் 690 கிலோ என்று வார்த்திருக்கிறது. ஒரு சக்கரம் தாங்குவது அவ்வளவுதான். வண்டியில் மாட்டிவிட்டால் யார் கண்ணிலும் படாத இடம். கார், ஜீப்புக்கு என்று செய்தது அது.

கணக்குப் போட்டேன். நான்கும் சேர்ந்து இரண்டே முக்கால் டன். உங்கள் வண்டியும் முழுச் சரக்கும் மூன்றரை டன். அதிலும் பாரம் பின்பக்கம்தான் உட்காரும், ஒரு பின் சக்கரத்துக்கு ஆயிரம் கிலோவைத் தாண்டும். உங்கள் இரும்புச் சக்கரத்தில் 1,100 என்று இருக்கிறது. அலாய் என்றாலே மோசம் என்று சொல்லவில்லை, சரக்கு வண்டிக்கென்று செய்ததும் உண்டு, அதில் எண் பெரிதாக இருக்கும். நான் எண்ணைப் பார்க்கவில்லை, பளபளப்பைப் பார்த்தேன். இரும்பு பெரும்பாலும் நெளியும், வண்டி ஆட்டம் கொடுக்கும், ஓட்டுகிற மாயவன் அண்ணன் கண்டுபிடித்துவிடுவார். இது சொல்லாமல் உடையும். ஞாயிற்றுக்கிழமை பீரோவும் கட்டிலும் ஏற்றி, இடுக்கில் இருபது பேர் உட்கார்ந்து கல்யாணத்துக்கு இறங்குவோம் என்று நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. அந்த மலை வளைவுகளில் ஓரமாக இழுத்துக்கொண்டு போய் நிற்க இடம் ஏது?

உங்கள் பழைய சக்கரங்களில் மூன்று கடைக்குப் பின்னால் கிடந்தன. நாலாவதை இவர் நைனார்பாளையம் தமிழ்வேந்தனுக்கு ஸ்டெப்னிக்குக் கொடுத்துவிட்டிருந்தார். நேற்று நானே போனேன். வழியெல்லாம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போய், கடைசியில் உண்மையைச் சொன்னேன். "எங்க வண்டிலயும் ஆளுங்கதாம்மா ஏறுது" என்றவர், டயரைப் பிரித்துவிட்டுச் சக்கரத்தைக் கொடுத்துவிட்டார்.

பழைய நட்டுகளையும் துணிப்பையில் கட்டி அனுப்புகிறேன். அலாய்க்குப் போட்ட நட்டு இரும்புக்குச் சரியாக உட்காராது. வெள்ளிமலை பஞ்சர் கடைக்காரரைக் கந்தசாமி உங்கள் வீட்டுக்கே அழைத்து வருவார். நீங்கள் வண்டியை எடுக்க வேண்டாம்.

நானே ஏன் வரவில்லை என்று நினைப்பாய். இதே சக்கரம் மாட்டின வண்டி இன்னும் மூன்று ஓடிக்கொண்டிருக்கிறது. கடை பேர் கெட்டுவிடும் என்று முதலில் முறைத்த எங்கள் வீட்டுக்காரர், இன்று காலை டீகூடக் குடிக்காமல் சின்னசேலம் பக்கம் இரண்டு வண்டியைத் தேடிப் போயிருக்கிறார். சங்கராபுரத்தில் ஒன்று, அதற்கு நான் போகிறேன்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறாள், பாய் திட்டியிருப்பார் என்று மட்டும் நினைத்துவிடாதே. உன் ரோஷம் எனக்குத் தெரியும். பிடிவாதத்துக்காக அதை மாட்டியே வைத்திருப்பாய். உன் காலில் விழுந்து கேட்கிறேன், இந்த ஒரு முறை ரோஷம் வேண்டாம்.

இன்னொன்று இருக்கிறது. சக்கரம் மாட்டின அன்று மாயவன் அண்ணன், "லோடு தாங்குமா தங்கச்சி" என்று கேட்டார். இவர் அப்போது கடையில் இல்லை. நான்தான், "தாராளமா தாங்கும்ணா" என்றேன். புரட்டிப் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. உனக்குக் கொடுக்கிற சந்தோஷத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். இரண்டு நாளாக எல்லோரிடமும் இவர் தப்பு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கு எழுதும்போது அப்படி எழுத முடியவில்லை.

என்னை மன்னிக்கிறதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வண்டியை நிறுத்திவிட்டேன் என்று ஒரு வரி மட்டும் எழுதி, திரும்பி வருகிற பஸ்ஸில் கொடுத்தனுப்பு. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். அந்த வரி வரவில்லை என்றால் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து உங்கள் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வேன். நீயே இழுத்துப் போட்டாலும் எழுந்திருக்க மாட்டேன்.

ஷாலினி நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். படைத்தவன் உங்கள் எல்லோரையும் பத்திரமாக மலை இறக்கட்டும்.

உன்
மெகருன்னிசா