அவன் பெயரில் என் நெஞ்சு

திங்கட்கிழமை, மதியம்

என் வீட்டுக்காரிக்கு,

'இங்கு அனைவரும் நலம்' என்று ஆரம்பிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். முழுவதும் படித்து முடிக்கும்வரை உன் அக்காவுக்குப் போன் போடாதே. அழுவதாக இருந்தால் கடைசிப் பக்கத்துக்கு அப்புறம் அழு.

நேற்று நீ ஒரு விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். பாப்பாவுக்கு ஒரு மாதமாக இருமல் நிற்கவில்லை, சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது, டாக்டர் கடிதம் இல்லாமல் வகுப்பில் உட்கார வைக்க முடியாது என்று டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார். உடனே நீ பாப்பாவின் சீருடையை அக்கா மகளுக்கு மாட்டிவிட்டு, பாப்பாவின் பெயரைச் சொல்லி டாக்டரிடம் காட்டி, நெஞ்சில் ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கிவிட்டாய். "உங்க கூடக் குடும்பம் நடத்தி உங்க புத்தி எனக்கும் வந்துடுச்சுங்க" என்றாய். என்னிடமிருந்து சத்தமே இல்லை. "என்ன, லைன் போச்சா?" என்று கேட்டாய். அதற்குப் பிறகுதான் நான் கத்தினேன். நீ கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய். கோபப்பட உனக்கு நியாயம் இருக்கிறது. கத்தியவன் காரணத்தைச் சொல்லவில்லையே.

திரும்பக் கூப்பிடுவதற்குள் கம்பெனிக்காரர்கள் வந்து எங்கள் அறையில் எட்டுப் பேரின் போனையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஆபீஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறார்களாம். அதனால்தான் இந்தக் கடிதம். துண்டு மடிக்கிற அறையில், மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, சலவைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பக்கத்து அறை டிரைவர் அண்ணன் இன்று சாயங்காலம் விடுமுறையில் கிளம்புகிறார். புதன்கிழமை உன் கையில் நேரடியாகக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு வாய் காபி கொடுத்து அனுப்பு. என்னைப் பற்றி எதுவும் கேட்காதே, பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

ரேடியோவை உனக்கு நினைவிருக்கும். வாய் மூடாமல் பேசுவான் என்று நாங்கள் வைத்த பெயர். வீடியோவில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து "அண்ணி, இவன் இங்க ஒழுங்கா குளிக்கிறதில்ல" என்று கோள் சொல்வானே, அவன்தான். சலவைக்கூடத்தில் அவனும் நானும் ஒரே இஸ்திரி ரோலரில் ஜோடி. ஈரப் படுக்கைவிரிப்பை அவன் ஒரு முனையில் பிடிப்பான், நான் ஒரு முனையில் பிடிப்பேன், சுருக்கமில்லாமல் சூட்டுக்குள் விடவேண்டும். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் விரிப்பு. ஆவியிலும் பிளீச்சிங் நெடியிலும் இங்கே இருமாதவன் கிடையாது. அதனால் அவனுடைய இருமல் வேறு மாதிரி இருமல் என்று யாருக்கும் உறைக்கவில்லை.

போன வருடம் அவனுடைய வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க நெஞ்சுப் படம் எடுக்கவேண்டியிருந்தது. படத்தில் ஏதாவது தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு உள்ள என்னமோ சரியில்லடா, நீ ஒரு தடவை போயிட்டு வாடா" என்றான். அவன் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு நான் போனேன். அங்கே உட்கார்ந்திருந்தவன் அட்டையைப் பார்த்தானே தவிர என்னைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு நாம் எல்லோரும் ஒரே மூஞ்சி. அவன் பெயரில் என் நெஞ்சு பாஸாகிவிட்டது.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன். 'என் நுரையீரலுக்கு எவ்வளவு கிராக்கி பார்' என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புச் சத்தம்தான் முதலில் காதில் விழுகிறது.

ஆறேழு மாதத்தில் ரேடியோ பேச்சைக் குறைத்துக்கொண்டான். பேசினால் இருமல் வந்தது. பேன்ட்டைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டான். டாக்டரிடம் போடா என்று நான் சொல்லத்தான் செய்தேன். "போனா நீயும்தான் மாட்டுவ" என்றான். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அவனுக்காகப் பேசாமல் இருந்தேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம். உன்னிடம் சொல்கிறேன், எனக்காகத்தான் பேசாமல் இருந்தேன்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ரோலரில் அவனுடைய முனை தளர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் வெள்ளை விரிப்பில் ஒரு கை அகலத்துக்கு ரத்தம். ஃபோர்மேன் அதை ஆஸ்பத்திரி விரிப்பின் பழைய கறை என்று நினைத்து, சரியாகத் துவைக்காமல் ரோலருக்கு அனுப்பியது யார் என்று கத்திக்கொண்டு வந்தான். கிட்டே வந்து பார்த்தவன் அப்படியே பின்னால் நகர்ந்தான். ரேடியோ தள்ளுவண்டிமேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். அப்போதும் என்னைப் பார்த்து 'சொல்லாதே' என்பது போல் தலையைத்தான் ஆட்டினான்.

அன்று அவனைக் கொண்டுபோனார்கள், அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. மறுநாள் முகமூடியும் கையுறையும் போட்ட இரண்டு பேர் வந்து அவன் மெத்தையை, சட்டைகளை, செருப்பை எல்லாம் கறுப்புப் பையில் கட்டிக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஆபீஸில் கேட்டால், அனுப்பியாகிவிட்டது என்கிறார்கள். எங்கே என்றால், போய் வேலையைப் பார் என்கிறார்கள். அவன் மனைவி தினமும் எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, அவர் போன் ஆஃப்னே வருதுண்ணா, வேலை ஜாஸ்தியா?" என்று கேட்பாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கும் அவன் போய்ச் சேரவில்லை. நேற்று முதல் என்னிடம் போனும் இல்லை. அவள் யாரைக் கேட்பாள் என்று தெரியவில்லை.

இனிமேல்தான் என் கதை. ஆஸ்பத்திரியில் அவனுடைய போன வருடப் படத்தைத் தேடி எடுத்திருக்கிறார்களாம். அந்தப் படத்தில் கழுத்துக்குக் கீழே இடது எலும்பு உடைந்து கோணலாகச் சேர்ந்திருக்கிறது. ரேடியோவுக்கு அந்த எலும்பு நேராக இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் சைக்கிளிலிருந்து விழுந்து நான் உடைத்துக்கொண்ட எலும்புதான் அது. அந்த முடிச்சைத் தொட்டு 'இங்க என்ன, எலி குடியிருக்கா' என்று நீ கேலி செய்வாயே. அதை வைத்து என்னைத் தேடுகிறார்கள். ஒவ்வொரு அறையாகக் கூட்டிக்கொண்டு போய், சட்டையைக் கழற்றச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள். எங்கள் அறைக்கு வியாழக்கிழமை காலை பத்து மணி.

கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற பகுதியில் ஒரு தையல்காரர் இருக்கிறார். என் உயரம், என் நிறம். அவர் அறை முந்தாநாளே போய்வந்துவிட்டது, அவருக்கு ஒன்றுமில்லை. நேற்றுக் காலை அவரே வந்து, "உன் அட்டையைக் குடு, நான் இன்னொரு தடவை போயிட்டு வந்துடறேன். ரேடியோவுக்கு நீ செஞ்சே, உனக்கு நான் செய்யறேன்" என்றார். நல்ல மனுஷன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொடுத்துவிட்டேன்.

அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் உன்னோடு பேசினேன்.

மாதக்கணக்காக நீ ஒரு புகார் சொல்கிறாய், பேசும்போது நடுநடுவே சத்தம் அறுந்து போகிறது, அந்தப் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள் என்று. போனில் பழுதில்லை. எனக்கு இருமல் வரும்போதெல்லாம் உனக்குக் கேட்காதபடி சத்தத்தை நிறுத்திவிடுவேன். ஐந்து மாதத்துக்கு முன் விடுமுறையில் வந்தேனே, அப்போதே இந்த இருமல் இருந்தது. தண்ணீர் மாறிய கோளாறு என்றேன். நீ சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாய். நாற்பது நாள், தினமும் மதியம், பாப்பா என் நெஞ்சின் மேல்தான் தூங்கினாள். இறக்கிப் படுக்க வைத்தால் எழுந்துவிடுவாள் என்று நானும் அசையாமல் கிடந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வரி உனக்கு நான் எழுதியதில்லை.

இன்று காலை தையல்காரரிடம் அட்டையைத் திரும்ப வாங்கிவிட்டேன். "பைத்தியமா உனக்கு?" என்று கேட்டார். என் பெண் வீட்டில் இருமிக்கொண்டிருக்கிறாள் என்றேன். அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். வியாழக்கிழமை நானே போவேன். சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே, அந்தப் படம் என்னுடையது என்று சொல்லிவிடுவேன். ரேடியோ எங்கே என்றும் கேட்பேன். பதில் சொல்கிறார்களோ, என்னையும் அங்கேயே அனுப்புகிறார்களோ, தெரியாது.

இப்போது நீ செய்யவேண்டியது. அந்த டாக்டர் கடிதத்தைக் கிழித்துப் போடு. வியாழக்கிழமை விடிந்ததும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அக்கா மகளை அல்ல, நம் பெண்ணை. நெஞ்சு நோய்க்குத் தனி டாக்டர் இருப்பார். அவரிடம், 'இவள் அப்பாவுக்குக் காசநோய் இருக்கும் போலிருக்கிறது, நாற்பது நாள் அவர் நெஞ்சில் படுத்தாள்' என்று இந்த வார்த்தைகளிலேயே சொல். நோயின் பெயரைச் சொல்ல வெட்கப்படாதே. யார் காதில் விழுந்தால் என்ன, விழட்டும். உனக்கும் பார்க்கச் சொல். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிற நோய்தான் என்று இங்கே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒளித்து வைத்தால்தான் ஆளைக் கொல்லும். அக்கா மகளையும் ஒரு தடவை காட்டிவிடு, இரண்டும் ஒரே பாயில் விளையாடுகிறதுகள். அக்கா திட்டுவாள். நான் சொல்லித்தான் எல்லாம் என்று என் மேல் போடு.

வெள்ளிக்கிழமை என்னிடமிருந்து போன் வராவிட்டால் பதறாதே. அதற்கு அடுத்த வெள்ளியும் வராவிட்டால் ரேடியோவின் மனைவிக்குப் போன் போடு, நம்பரைச் சீட்டின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள். ஒருத்தி கேட்டால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

நான் உன்னிடம் பேசியதில் பாதிதான் உண்மை என்று உனக்குத் தோன்றும். இந்தக் கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை. மன்னிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நீயும் பாப்பாவும் நூறு வருடம் நன்றாக இருக்கவேண்டும்.

ஒன்று மட்டும். படம் எடுக்கும்போது அவளைக் குளிர்ந்த பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்கச் சொல்லி, விளக்கை அணைத்து, மூச்சை இழுத்துப் பிடி என்பார்கள். உன்னை வெளியே நிறுத்திவிடுவார்கள். அவள் பயப்படுவாள். நீ கதவுக்கு இந்தப் பக்கமிருந்து அவளுக்குக் கேட்கிற மாதிரி சொல்: அப்பாவும் இப்போது அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார் என்று.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்